ஜன்னலுக்கு வெளியே நின்று எடுத்த படம்

கேமரா வாங்கப் போகிறேன், எது நல்லது என்று கேட்டுக்கொண்டு இன்னமும் என்னிடம் ஆட்கள் வருகிறார்கள். ஸ்டுடியோவை மூடிய பிறகும் வருகிறார்கள். வந்ததும் போனை நீட்டி, இதில் இத்தனை மெகாபிக்சல், அதில் இத்தனை என்று படிக்க ஆரம்பிக்கிறார்கள். நான் அதைக் காதில் வாங்குவதில்லை. நீங்கள் படம் எடுக்கிற வீடுகளில் ஹால் எவ்வளவு பெரிசு என்று கேட்பேன். அக்காவுக்கு வயசாகிவிட்டது, என்னமோ உளறுகிறாள் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வீர்கள். பார்த்துக்கொள்ளுங்கள். ஏன் கேட்கிறேன் என்பதை ஒரே தடவை உட்கார்ந்து சொல்லிவிடுகிறேன். அப்புறம் உங்கள் இஷ்டம்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் எனக்கு ஒரு ஸ்டுடியோ இருந்தது உங்களுக்குத் தெரியும். பெண்கள் சடங்கு, வளைகாப்பு, பிள்ளைக்குப் பேர் வைப்பது என்றால், "அந்த ஸ்டுடியோ அக்காவக் கூப்புடுங்க" என்பார்கள். ஒரு பெண் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தால் வீட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் விடுவார்கள், சமையல்கட்டு வரைக்கும். என்னிடம் ஒரு ஃபிலிம் கேமராவும் மூன்று லென்ஸும் இருந்தன. அதில் எனக்குச் சோறு போட்டது இருபத்தெட்டு என்று நாங்கள் சொல்லுகிற அகலமாகக் காட்டுகிற லென்ஸ். காரணம் சுரங்கக் கம்பெனி வேலைக்காரர்களுக்குக் கொடுக்கிற குவார்ட்டர்ஸ் வீடுகள். ஒரு கட்டில், ஒரு பீரோ, டிவி வைத்த மேஜை, இவ்வளவையும் போட்ட பிறகு ஹாலில் என்ன மிச்சம் இருக்கும்? அதில்தான் சொந்தபந்தம் மொத்தமும் நிற்கும். நான் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்பேன். இருபத்தெட்டைப் போட்டால் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை எல்லோரும் படத்தில் விழுந்துவிடுவார்கள். அந்த லென்ஸை நான் யாரையும் தொட விட்டதில்லை.

ஊரெல்லாம் டிஜிட்டலுக்கு மாறியபோதும் நான் மாறவில்லை. வீம்புதான், வேறொன்றுமில்லை. பிறகு ஒருநாள் கடலூரில் நான் ஃபிலிம் ரோலைக் கழுவக் கொடுக்கிற கலர் லேபின் ஓனர் போன் பண்ணினார். "இனிமே ரோல் கழுவறத நிறுத்தப் போறேம்மா. உன்ன மாதிரி ரெண்டு பேர நம்பி மெஷின ஓட்ட முடியல" என்றார். குரலில் அவருக்கே வருத்தம். நான் சரிங்கண்ணா என்று போனை வைத்தேன். அதற்கு மேல் வீம்பு பிடித்தால் பட்டினிதான்.

அப்போது நான் போட்ட கணக்கைக் கேளுங்கள், ஃபிலிமிலிருந்து வந்த எல்லோரும் போட்ட கணக்குதான். லென்ஸ்தான் மூன்று இருக்கிறதே, பாடி என்கிற லென்ஸ் இல்லாத வெறும் கேமராவை மட்டும் வாங்கினால் போதும். பழைய லென்ஸ் புதிய பாடியில் மாட்டும் என்று கேமரா கம்பெனிக்காரனே சொல்கிறான். கூட ஒரு லென்ஸ் பெட்டியில் போட்டுத் தருகிறார்களே, அது பிளாஸ்டிக், பொம்மை மாதிரி இருக்கிறது, அது நமக்கெதற்கு? இப்படி எங்களுக்குள் ஒரு கர்வம். நல்ல கண்ணாடியில் படம் எடுத்துப் பழகினவர்கள் அல்லவா.

குறிஞ்சிப்பாடியில் செல்வம் என்று ஒரு தம்பி, கல்யாண போட்டோகிராபர். எனக்கு முன்பே மாறிவிட்டான். வாங்குவதற்கு முன்னால் ஒரு ஃபங்ஷன் எடுத்துப் பார்க்கிறேன், உன் கேமராவைக் கொடு என்று கேட்டேன். மறுபேச்சு இல்லாமல் பையோடு கொடுத்தான்.

"லென்ஸும் உள்ள இருக்குதுக்கா, எடுத்துகினு போ."

"உன் பிளாஸ்டிக்க நீயே வச்சுக்கோ. பாடி மட்டும் குடு."

"நீ கேக்க மாட்டியே" என்று சிரித்துக்கொண்டே கழற்றி வைத்துக்கொண்டான். "மழைல மட்டும் நனைச்சிடாதக்கா. இதான் எனக்குப் பொழப்பு."

அந்தச் சமயத்தில் வந்தது ராஜாங்கத்தின் ரிட்டையர்மென்ட். ராஜாங்கம் சுரங்கத்தில் மண் வெட்டுகிற பெரிய இயந்திரத்தில் ஆபரேட்டர். அவர் பிள்ளைகளுக்கெல்லாம் நான்தான் படம் எடுத்தேன். ரிட்டையர் ஆகிறவரை இங்கே எப்படி அனுப்புவார்கள் என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாதக் கடைசி நாள், ஷிஃப்ட் முடிந்ததும் கூட வேலை செய்தவர்கள் மாலை போட்டு, வேனில் ஏற்றி, வெடி வெடித்து வீடு வரை கொண்டுவந்து விடுவார்கள். வாசலில் ஆரத்தி. உள்ளே போனதும் மாலையோடு குடும்பமாக ஒரு படம். அதற்குப் பிறகுதான் மாலையைக் கழற்றுவார்கள். கல்யாணப் படத்தை விட அந்தப் படத்தைப் பெரிசாக மாட்டியிருக்கிற வீடுகள் டவுன்ஷிப்பில் எத்தனையோ உண்டு.

ராஜாங்கத்தின் சின்ன மகன் துபாயில் இருந்தான். லீவு கிடைக்கவில்லை. அப்பாவை மாலையோடு அன்றைக்கே பார்க்க வேண்டும் என்று போனில் அழாத குறையாகக் கேட்டானாம். அதனால் டிஜிட்டல்தான் வேண்டும் என்று ராஜாங்கத்தின் மனைவி சொல்லிவிட்டார். நானும் பழைய கேமராவை வேண்டுமென்றே ஸ்டுடியோவில் விட்டுவிட்டுப் போனேன். கூட எடுத்துப் போனால் கை தானாக அதற்குத்தான் போகும்.

ஐப்பசி மழை. காலையிலிருந்தே மூட்டமாக இருந்தது. வாசலில் வேன் வந்து நின்றபோது தூறல் தொடங்கியிருந்தது. வேனிலிருந்து இறங்குவது, ஆரத்தி, வெடிப்புகை, எல்லாம் எடுத்தேன். வெளியே ஒரு கஷ்டமும் தெரியவில்லை. ஆள் அதிகமாக இருந்தால் இரண்டு எட்டுப் பின்னால் வைத்தேன், அவ்வளவுதான். புதுக் கேமரா நன்றாகத்தான் இருக்கிறது, வீணாகப் பயந்தோம் என்றுகூட நினைத்தேன்.

உள்ளே போனோம். எல்லோரையும் நிற்க வைத்தார்கள். நடுவில் மாலையோடு ராஜாங்கம், பக்கத்தில் மனைவி, மகள், மருமகன், பெரிய மகன், மருமகள், மச்சான்கள், பேரப்பிள்ளைகள். இடது ஓரத்தில், சமையல்கட்டு வாசலை ஒட்டி, ராஜாங்கத்தின் அக்கா அஞ்சலை. விதவை, தம்பி வீட்டோடு இருந்தார். நான் வழக்கம்போல முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு கேமராவைக் கண்ணில் வைத்தேன்.

பாதிப் பேரைக் காணோம்.

என் இருபத்தெட்டு இருபத்தெட்டாக இல்லை. அந்த டிஜிட்டல் பாடிக்குள் படம் விழுகிற தகடு ஃபிலிமை விடச் சின்னது. அதனால் அதே லென்ஸ் நடுவில் இருக்கிறதை மட்டும்தான் காட்டும், ஓரத்தை விட்டுவிடும். இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். படித்தது புத்தியில் ஏற ஒரு ஹால் தேவைப்பட்டது. பின்னால் சுவர், அதற்கு மேல் எங்கே போவது?

"கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்றேன். நெருங்கினார்கள். பிள்ளைகளைக் கீழே உட்கார வைத்தேன். இன்னும் நெருங்கச் சொன்னேன். மற்றவர்கள் நெருங்க நெருங்க, அஞ்சலையம்மா தன் பங்குக்கு விலகி இடம் விட்டார். வேனில் வந்தவர்கள் வாசலில் நின்று அவசரப்படுத்தினார்கள், வேன் அடுத்த ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றப் போக வேண்டும். சரி, முதலில் ஒன்று எடுத்துக்கொள்வோம் என்று அழுத்தினேன்.

கேமராவின் முதுகில் இருக்கிற திரையில் படம் வந்ததுதான் தாமதம், வீடே என் மேல் வந்து விழுந்தது. அப்போது அது எல்லோருக்கும் அதிசயம். எடுத்த உடனே தெரிகிறதே. பிள்ளைகள் தங்களைத் தேடினார்கள். மருமகள் புடவை நன்றாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். மச்சான் தன் வழுக்கையைப் பார்த்துச் சிரித்தார். ராஜாங்கம் மட்டும் திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போய் ஓரத்துக்கு வந்தார்.

"எங்கக்கா எங்க?" என்றார்.

படத்தின் ஓரத்தில் ஒரு கை இருந்தது. முழங்கைக்குக் கீழே, வெறும் கை.

அஞ்சலையம்மா எட்டிப் பார்த்தார். "இதோ என் கை இருக்குதேடா. அது போதும். நீ மாலையக் கழட்டு, கழுத்து அறுக்கும்" என்றார். சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குள் திரும்பினார்.

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இன்னொன்றும் தோன்றியது. இதுவே ஃபிலிமாக இருந்து, வேறு எந்தக் காரணத்துக்காவது இப்படி வெட்டுப்பட்டிருந்தால், பிரிண்ட் வருகிற வரைக்கும் யாருக்கும் தெரிந்திருக்காது. வந்த பிறகு, அடடா, அத்தை விழவில்லையே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாட்டியிருப்பார்கள். இந்தப் புதுக் கேமராதான் அவரை வெட்டியது, அதேதான் வெட்டியதை உடனே காட்டியும் கொடுத்தது.

மகள், "பரவால்லப்பா, அத்தைய தனியா ஒண்ணு எடுத்துக்கலாம்" என்றாள். நல்ல பெண், அப்பாவைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னாள். ராஜாங்கம் திரும்பிப் பார்த்தார்.

"நான் பாத்த சொரங்க வேல யாருதுன்னு நெனச்சிகினு இருக்கற? எங்க மாமா செத்தப்புறம் எங்கக்கா பேருல இருந்த நெலம் சொரங்கத்துக்குப் போச்சி. வூட்டுக்கு ஒருத்தருக்கு வேலைன்னாங்க. யாருக்குன்னு கேட்டதுக்கு எந்தம்பிக்குன்னு கை காட்டிச்சி. அந்தக் கைதான் இது. அது இல்லாத நான் மாலைய கழட்ட மாட்டேன்."

வாசலில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். கூட வேலை செய்த பலருக்கும் அது புதிய செய்தி என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ராஜாங்கம் போய் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். நடுவில், தன் பக்கத்தில் நிறுத்தினார். நான் கேமரா வழியாகப் பார்த்தேன். அஞ்சலையம்மா தலையைக் குனிந்துகொண்டு, முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு, தப்புச் செய்து பிடிபட்டவர் மாதிரி நின்றார். மாலை போட்டவர் பக்கத்தில் நிற்பது அவருக்கு ஒப்பவில்லை. "அடுப்புல பால் வச்சிருக்கறன்டா, உடு" என்று கெஞ்சினார். நடுவில் அவர் வந்ததால் அந்தப் பக்கத்து மச்சான் இப்போது படத்துக்கு வெளியே போய்விட்டார். அது வேறு.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அழுத்தியிருக்கலாம். தம்பிக்குத் திருப்தி, வேனுக்கும் நேரமாகாது, எனக்கு வேலை முடிந்தது. ஆனால் அந்தப் படத்தில் அந்த அம்மா ஆயுசுக்கும் தலை குனிந்து நின்றுகொண்டிருப்பார். அதைச் சுவரில் மாட்டி தினமும் பார்க்க வேண்டும். எனக்கு விரல் போகவில்லை.

"ராஜாங்கண்ணே, அவங்கள உடுங்க. அவங்க எங்க நின்னாங்களோ அங்கயே நிக்கட்டும்" என்றேன்.

"அங்க நின்னா உன் மெஷின்ல வுழலங்கறியே."

"அவங்க நகர வேணாம். நான் நகர்றேன்."

எங்கே நகர்வது என்று அவர் கேட்டிருந்தால் எனக்கே தெரியாது. எல்லோரையும் வெளியே கூட்டிப்போய் எடுக்கலாம் என்று பெரிய மகன் சொன்னான். ராஜாங்கத்தின் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை, ஆரத்தி எடுத்து உள்ளே வந்தவர் மாலையோடு மறுபடி வாசப்படி தாண்டக் கூடாது என்றார். அதில் நான் வாதாடவில்லை. அது அவர்கள் வீடு, அவர்கள் நாள். வெளியே மழையும் வலுத்துவிட்டது. அப்போதுதான் என் முதுகுக்குப் பக்கத்தில் ஜன்னல் இருப்பதைப் பார்த்தேன். வெளிப்பக்கம் தோட்டம். அவர்கள் வெளியே வரக் கூடாது, நான் போகலாமே.

ஜன்னலில் ராஜாங்கம் கொசுவலை அடித்து வைத்திருந்தார். "அது இருந்தா எடுக்க முடியாது" என்றேன். "பிய்ச்சி எறி, எப்படியும் கம்பெனி வூட்டக் காலி பண்ணப் போறம்" என்றார். கூட வேலை செய்தவர் ஒருவர், நல்ல வாட்டசாட்டமான ஆள், இரண்டே இழுப்பில் அதைப் பிய்த்தார். அவரே குடையை எடுத்துக்கொண்டு என்னோடு தோட்டத்துக்கு வந்தார். சேறும் வாழையடியும். குடையை என் தலைக்கு மேலே பிடித்தார்.

"எனக்கு வேணாங்க, கேமராவுக்குப் புடிங்க. இரவல்."

"நீங்க நனையறீங்களே மேடம்."

"நான் காஞ்சிடுவேன். அது காயாது."

செல்வம் சொன்னது காதில் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. அவன் பிழைப்பை மழையில் பிடித்துக்கொண்டு நிற்கிறோமே என்று கேமராவைக் குடைக்குள் இன்னும் இழுத்துக்கொண்டேன். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே லென்ஸை நுழைத்தேன். ஹால் மொத்தமும் தெரிந்தது. அந்தக் கோடி மச்சானும், இந்தக் கோடியில் சமையல்கட்டு வாசலும், அதில் பழையபடி சாய்ந்துகொண்டு அஞ்சலையம்மாவும். ஃபிளாஷ் போட்டால் கம்பியில் அடித்துத் திரும்பும். உள்ளே டியூப்லைட் மட்டும்தான். ஃபிலிமாக இருந்தால் அங்கேயே கை கழுவியிருப்பேன், உள்ளே போட்ட ரோலுக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டுமோ அவ்வளவும் இருந்தே ஆக வேண்டும். இதில் ஒரு சக்கரத்தைத் திருப்பினேன், இருட்டு வெளிச்சமானது. அந்த நிமிஷத்தில்தான் எனக்கு டிஜிட்டல் மேல் முதல் பிரியம் வந்தது என்று சொல்ல வேண்டும்.

"எல்லாரும் ஜன்னலப் பாருங்க" என்று மழைச் சத்தத்துக்கு மேலே கத்தினேன். பார்த்தார்கள். எடுத்தேன். உள்ளே போய் முதலில் ராஜாங்கத்திடம் காட்டினேன். அவர் ஓரத்தைத்தான் முதலில் பார்த்தார். பார்த்துவிட்டு மாலையைக் கழற்றிக்கொண்டு போய் அக்காவின் கையில் கொடுத்தார். அன்று சாயங்காலமே துபாய்க்குப் படம் போய்விட்டது.

மறுநாள் செல்வத்திடம் கேமராவைத் துடைத்துக் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். மழையில் பிடித்ததையும் சொன்னேன். "அந்தப் பிளாஸ்டிக் லென்ஸு இந்தச் சின்னத் தகட்டுக்குன்னே அகலமா காட்டறாப்ல செஞ்சது, அத மாட்டியிருந்தா சொவத்துல சாஞ்சிகினே எடுத்துருக்கலாமேக்கா" என்றான். அதைத்தான் அவன் அன்றைக்கே கொடுத்தான், நான் வேண்டாம் என்றேன்.

பிறகு சென்னைக்குப் போய்க் கடையில் நின்றேன். விற்கிறவர் நல்ல மனிதர்தான், ஆனால் மெகாபிக்சலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார். நான் அவர் கடைச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, "இந்தக் கேமராவுல உங்க கல்லா மொத்தமும் வருதா, இந்த ஓரத்து ஸ்டூல் வருதா?" என்று ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஃபிலிம் அளவுக்கே பெரிய தகடு உள்ள கேமரா ஒன்று இருந்தது. அதில் என் இருபத்தெட்டு பழையபடி இருபத்தெட்டாகவே இருந்தது. ஆசையாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அது என் சக்திக்கு மீறியது, நாள் முழுக்கத் தூக்கினால் என் மணிக்கட்டுக்கும் மீறியது. கடைசியில் சின்னத் தகடுள்ள சாதாரணக் கேமராவை, பெட்டியில் போட்டுத் தருகிற அந்தப் பிளாஸ்டிக் லென்ஸோடு வாங்கினேன். அதை அகலமாக வைத்தால் ஸ்டூல் வந்தது. ஸ்டுடியோவை மூடுகிற வரைக்கும் குவார்ட்டர்ஸ் வேலைக்கு அதைத்தான் மாட்டினேன். உங்களுக்கு வேறு எது வேண்டுமானாலும் பிடிக்கட்டும். சுவரில் சாய்ந்து பார்க்காமல் வாங்காதீர்கள். ஓரத்தில் நிற்கிறவரை நடுவில் இழுத்து நிறுத்துவது நம் வேலை இல்லை. அவர் நிற்கிற இடம் வரைக்கும் எட்டுகிற மாதிரி நாம் இருக்க வேண்டும்.

ராஜாங்கத்தின் படத்தைப் பெரிசாகப் பிரேம் போட்டு நானே எடுத்துக்கொண்டு போனேன். வீட்டில் அஞ்சலையம்மா மட்டும்தான் இருந்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். தம்பியைப் பார்த்தார், பேரப்பிள்ளைகளைப் பார்த்தார். தன்னைக் கண்டுபிடிக்க அவருக்கு நேரம் பிடித்தது. கண்டுபிடித்ததும் அங்கேயே விரலை வைத்துக்கொண்டார்.

"இவ்ளோ கெழவியாவா ஆயிட்டேன்?" என்றார்.

"ஏன்மா, வீட்டு ஆல்பத்துல பாக்கறதில்லயா?"

"அதுல நான் எங்கருந்து? எல்லாம் எடுக்கறப்ப உள்ள வேல இருக்கும். நெலத்துப் பணம் போடறதுக்கு பேங்குல ஒட்டணும்னு ஒரு போட்டோ எடுத்தாங்க, தாலியறுத்த புதுசுல. அதுக்கப்புறம் இதான்."

அந்த வீட்டில் எத்தனை விசேஷம் நான் எடுத்திருக்கிறேன். அவர் கையால் எத்தனை காபி குடித்திருக்கிறேன்.

அவர் படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அந்த பேங்கு போட்டோல சிரிக்கலம்மா நானு. இதுல பாரு, எல்லாரும் மொறச்சிகினு நிக்கறாங்க, நான் மட்டும் பல்லக் காட்டிகினு இருக்கறன்."

"ஏன் சிரிச்சீங்க?"

"நீதான். எனக்காவ அந்த மழைல நனைஞ்சிகினு ஜன்னலப் புடிச்சிகினு நின்ன பாரு. யாரு நிப்பா அப்படின்னு சிரிப்பு வந்துடிச்சி" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.